ஒரு பத்திரிகையை என்ன பெயரால் அழைப்பது?

சென்னையிலிருந்து 2013ஆம் ஆண்டு செப்டெம்பர் 16ஆம் நாள் ஒரு தமிழ் நாளிதழ் வெளிவரத் தொடங்கிற்று. அதன் முகப்பில் இருந்த பெயர் ‘தி இந்து’. 1878இல் ஜி. சுப்பிரமணிய ஐயரும் அவர்தம் தோழர்களும் தொடங்கிய ஆங்கிலப் பத்திரிகையின் பெயரையே தமிழ் எழுத்திற் பொறித்துக்கொண்டு வந்த ஏடு அது. ஐந்தாண்டுகள் சென்றபின், 2018இல், அப்பெயர் ‘இந்து தமிழ் திசை’ என்றாயிற்று. பத்திரிகை அதுவே, பெயர்தான் வேறு.

கிழக்கிலங்கையின் கரையோரத்திலே, கல்முனையிலே வாழும் நமக்கு இதனால் ஆவதென்ன என்று வாசகர் வினவக்கூடும். சென்னைப் பத்திரிகை நம் கடைத்தெருவில் தொங்குவதில்லைதான். ஆயினும் கைத்தொலைபேசி வந்தபின் சென்னையும் கொழும்பும் நமக்கு ஒரே தூரத்தில் உள்ளன. நம் மாணவர் ஒரு செய்தியைத் தேடும்பொழுது முதலில் திறப்பது தமிழ் விக்கிப்பீடியாவை. அங்கே கட்டுரைகளின் அடியிற் சான்றுகளாய்க் குறிக்கப்பட்டிருப்பவற்றுள் இப்பத்திரிகையின் பெயர் அடிக்கடி வருகின்றது. சில இடங்களில் பழைய பெயராக, சில இடங்களிற் புதிய பெயராக.

எம் உயர்தர வகுப்பு மாணவர் இருவர் அக்கலைக்களஞ்சியத்திற் கட்டுரை திருத்தும் பணியில் ஈடுபாடு கொண்டவர்கள். அவர்கள் முதலில் இவற்றை இரு வேறு பத்திரிகைகள் என்றே கருதினர். ஒன்றே என்று அறிந்தபின் ஒருவன் பழைய பெயர் காணும் இடமெல்லாம் அதனை நீக்கிப் புதிய பெயரைப் போட்டுவிட வேண்டும் என்றான். “என்ன சேர் இது? பேப்பர்காரனே பேர மாத்திப் போட்டான். நாம எதுக்குப் பழைய பேரப் புடிச்சிக்கிட்டு நிக்கிற?” என்பது அவன் வாதம். மற்றவனோ, வணிக நிறுவனம் ஒன்று நினைத்தபோதெல்லாம் பெயர் மாற்றுமாயின் பொதுமக்களின் களஞ்சியம் அதன் பின்னால் ஓட வேண்டுமா என்றான். இருவர் கூற்றிலும் நியாயம் இருந்தமையால் அதனை நாம் எளிதிற் கடந்துசெல்ல இயலவில்லை.

தமிழிற் கலைக்களஞ்சிய முயற்சி நூறாண்டைக் கடந்தது. யாழ்ப்பாணத்து முத்துத்தம்பிப்பிள்ளையின் ‘அபிதான கோசம்’ 1902இல் வந்தது. சிங்காரவேலு முதலியாரின் ‘அபிதான சிந்தாமணி’ 1910இல். பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் வெளியிட்ட கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதி 1954இல். அவையெல்லாம் அச்சேறிய நாளிலேயே முடிந்துவிட்ட நூல்கள். ஒரு பெயர் மாறினால் அடுத்த பதிப்பு வரும்வரை பழைய பெயரே நிற்கும். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா அத்தகையதன்று. அதில் யாரும் எந்நேரமும் எழுதலாம், எழுதியதை மாற்றலாம். யாழ்ப்பாணத்திற் பிறந்து அபுதாபியிலே தொழில் செய்த மயூரநாதன் போன்றோர் ஊதியம் எதுவுமின்றி இரவு நேரங்களிலே அமர்ந்து வளர்த்த களஞ்சியம் அது. எளிதில் திருத்தக்கூடியது என்பது அதன் பெருமை. கடந்த காலத்தையும் அதே எளிமையுடன் திருத்திவிடலாம் என்பது அதன் ஆபத்து.

இவ்வாபத்தை நாம் மிகைப்படுத்துவதாக எண்ண வேண்டாம். 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் கடல் ஊருக்குள் வந்தது. இலங்கையில் அன்று மிகுதியான உயிர்களை இழந்தது எமது அம்பாறை மாவட்டமே. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது என்று கரையோரம் முழுவதும் வீடுகளோடு வீட்டிலிருந்த பெட்டகங்களும் போயின. பெட்டகங்களிற் கட்டிவைத்திருந்த பத்திரிகைக் கட்டுகளும் போயின. உயிர் போன இடத்திற் காகிதத்துக்காக அழுவார் யார்? ஆனால் இன்று ஓர் இளைஞன் தன் ஊரின் வரலாற்றை எழுத முற்படும்பொழுது கையில் எடுக்க ஒன்றும் இல்லாமல் இணையத்தை நோக்குகின்றான். 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ போன்ற எண்ணிமத் தொகுப்புகளும் விக்கிப்பீடியாவுமே அவனுக்கு வாசிகசாலை. அங்கே ஒரு பத்திரிகை எந்தப் பெயரின்கீழ் வைக்கப்பட்டிருக்கின்றது என்பது அவன் அதனைக் காண்பானா காணமாட்டானா என்பதையே தீர்மானிக்கும்.

இனி அம்மாணவரின் வாதத்திற்கு வருவோம். கட்டுரையின் தலைப்பு எதுவாயிருக்க வேண்டும் என்பது ஒரு வினா; பழைய சான்றுகளில் எப்பெயர் நிற்க வேண்டும் என்பது வேறு வினா. இரண்டையும் ஒன்றாக்கியதே குழப்பத்திற்குக் காரணம்.

தலைப்பைப் பொறுத்தமட்டில், விக்கிப்பீடியாவினர் ஆங்கிலத்திற் கைக்கொள்ளும் நெறி நமக்கு உடன்பாடானது. உரிமையாளர் அறிவித்த பெயர் என்பதற்காக மட்டும் ஒரு பெயரை ஏற்பதில்லை. பெயர் மாறியபின் எழுதப்பட்ட நம்பத்தகுந்த எழுத்துகள் பொதுவாக எதனை வழங்குகின்றனவோ அதனையே ஏற்பது அந்நெறி. பெயரைப் பொறிப்பவன் பத்திரிகை முதலாளி; அதனை வழக்காக்குபவன் வாசகன். 1972இல் நமது நாட்டின் பெயர் ‘சிலோன்’ என்பதிலிருந்து ‘ஸ்ரீ லங்கா’ என்று மாற்றப்பட்டது. அரசியலமைப்பே எழுந்து நின்று மாற்றிய பெயர் அது. ஆயினும் தமிழ் மக்கள் அதற்கு முன்னும் ‘இலங்கை’ என்றனர். பின்னும் ‘இலங்கை’ என்கின்றனர். அதே வேளையில், தினகரனையும் டெயிலி நியூசையும் வெளியிட்டுவந்த நிறுவனம் 1973இல் அரசின் கைக்கு வந்தபின்னும் தன் சட்டப்பெயரில் ‘சிலோன்’ என்பதைச் சுமந்துகொண்டேயிருந்தது. எம் முன்னோரோ அதன் சட்டப்பெயரையும் சொல்வதில்லை. ‘லேக் ஹவுஸ்’ என்பதைத் தமிழாக்கி ‘ஏரிக்கரை’ என்றே சொல்லிவந்தனர்.

சென்னை நாளிதழுக்கும் வாசகர் தாமே வைத்த பெயர் ஒன்றுண்டு. முகப்பில் ‘தி இந்து’ என்றிருந்த காலத்திலேயே பலரும் அதனைத் ‘தமிழ் இந்து’ என்று வழங்கினர். வேறு வழியில்லை. ஒரே பெயரில் ஆங்கிலத்திலொன்றும் தமிழிலொன்றுமாக இரு பத்திரிகைகள் இருந்தன. 2015இல் எழுதிய ஒரு கட்டுரையில் ‘தி இந்து’ என்று மட்டும் சான்று காட்டியிருப்பின், அது எந்த மொழிப் பத்திரிகை என்று இன்று எவ்வாறு அறிவது? ஆகவே பெயர் மாற்றம் வேண்டியிருந்ததென்றே நாம் கருதுகின்றோம். ஆங்கிலத்து ‘தி’ தமிழ் முகப்பிலிருந்து நீங்கியது தமிழாசிரியர் என்ற முறையில் நமக்கு மகிழ்ச்சியுமாகும். ஆனால் நம் மகிழ்ச்சி களஞ்சியத்திற்குச் சான்றாகாது. வழக்கே சான்று. இத்தனை ஆண்டுகளிற் புதிய பெயர் வழக்கில் நிலைபெற்றுவிட்டமையால் கட்டுரையின் தலைப்பிலும் அதுவே நிற்பது முறை. ‘தி இந்து’ என்று தேடி வருவோனையும் ‘தமிழ் இந்து’ என்று தேடி வருவோனையும் அவ்விடத்திற்கே அழைத்துவரும் வழிமாற்றுகள் உடனிருத்தல் வேண்டும்.

(பெயரைக் கண்டு, இது சமய ஏடோ என்று வகுப்பில் ஒரு மாணவி கேட்டதும் உண்டு. ‘சுதேசமித்திரன்’ தோன்றிய அதே 1882இற் கண்டியிலே சித்திலெவ்வை தொடங்கிய பத்திரிகைக்கு ‘முஸ்லிம் நேசன்’ என்று பெயர். அதனைச் சமய ஏடு என்று ஒதுக்கினால் இலங்கை முஸ்லிம்களின் கல்வி இயக்க வரலாற்றையே ஒதுக்கியவராவோம் என்று விடையிறுத்தோம்.)

இரண்டாவது வினாவில்தான் நாம் பிடிவாதம் உடையோம். 2014இல் அச்சான ஒரு செய்தியை ‘இந்து தமிழ் திசை, 2014’ என்று குறிப்பது பொய். அப்பெயரில் அந்த ஆண்டு பத்திரிகை எதுவும் இல்லை. பழைய தாள் ஒன்றைக் கையில் எடுத்து ஒப்புநோக்குபவன் அதன் முகப்பில் அப்பெயரைக் காணமாட்டான். பெயரோடு இணைய முகவரியும் மாறிப்போன நிலையில், அச்சான நாளும் அன்றைய பெயருமே சான்றைத் தேடிப் பிடிக்க எஞ்சிய கயிறுகள். அவற்றில் ஒன்றை நாமே அறுத்துவிடலாமா?

இங்கிலாந்தில் 1821இல் தோன்றிய ‘மான்செஸ்டர் கார்டியன்’ 1959இல் ஊர்ப்பெயரை விட்டுக் ‘கார்டியன்’ ஆயிற்று. எகிப்தின்மீது பிரித்தானியா 1956இற் படையெடுத்தபொழுது அதனைக் கண்டித்தெழுதிய ஏடு எது? மான்செஸ்டர் கார்டியன். தலைநகரத்து ஏடன்று, பருத்தியாலைத் தொழிலாளர் நிறைந்த வடபுலத்து நகரொன்றின் ஏடு. அந்த ஆண்டின் குறிப்பில் ஊர்ப்பெயரை நீக்கினால் அக்கண்டனம் எங்கிருந்து எழுந்தது என்ற செய்தியும் உடன் நீங்கிவிடும்.

இதனினும் அழுத்தமான சான்று நம் மொழியிலேயே உண்டு. பெரியார் 1925இல் தொடங்கிய ‘குடி அரசு’ 1933இல் அரசின் அடக்குமுறையால் நின்றது. அவ்விடத்தில் ‘புரட்சி’ வந்தது. அதுவும் நின்றபின் 1934இற் ‘பகுத்தறிவு’ வந்தது. 1935இல் மீண்டும் ‘குடி அரசு’. ஒரே குரல், மூன்று பெயர். வசதி கருதி எல்லாவற்றையும் ‘குடி அரசு’ என்று எழுதிவிட்டால் என்ன குடி முழுகிப்போகும் என்று கேட்போர் உளர். அப்பெயர்கள் விளம்பரத்திற்காக மாற்றப்பட்டவையல்ல; அடக்குமுறை வாயைப் பொத்தியபோதெல்லாம் வேறு பெயரிற் பேசிய வரலாறு அவை. பெயர்களை ஒன்றாக்கினால் பத்திரிகை எஞ்சும், அடக்குமுறை மறைந்துவிடும். சந்தைக்காக மாறிய பெயரும் அடக்குமுறையால் மாறிய பெயரும் நம் மதிப்பில் ஒன்றல்ல. எனினும், அன்றன்று இருந்த பெயரை அன்றன்றைக்கு எழுது என்ற விதி இரண்டிற்கும் ஒன்றாயிருந்தாலன்றி, எது எதனால் மாறியது என்று பின்வருவோர் ஆராய்வதற்குத் தடயமே இராது.

பெயர் மாறாத இடத்திலுங்கூடச் சிக்கல் உண்டு. எமது கரையோரத்திற் ‘தினகரன்’ என்றால் 1932இற் கொழும்பில் தோன்றிய ஏடு. கைலாசபதி 1959 முதல் 1961 வரை ஆசிரியராயிருந்து, முற்போக்கு எழுத்தாளர்க்குக் களம் அமைத்த ஏடு. தமிழ்நாட்டில் அதே பெயருக்கு 1977இற் கே. பி. கந்தசாமி தொடங்கிய வேறொரு நாளிதழ் என்று பொருள். இரண்டில் எது அடைப்புக்குறியின்றி நிற்பது என்று எண்ணிக்கை கொண்டு தீர்மானித்தால் நாம் என்றும் அடைப்புக்குறிக்குள்ளேதான் இருப்போம். இரண்டிற்கும் நாட்டுப்பெயரை இட்டு எழுதுவதே நேர்மை.

ஈற்றில் அம்மாணவர் இருவரும் கட்டுரைத் தலைப்பிற்குப் புதிய பெயரையே ஏற்றனர். 2018க்கு முற்பட்ட சான்றுகளிற் பழைய பெயரைத் தொடாமல் விட்டு, இப்பொழுது எவ்வாறு வழங்கப்படுகின்றது என்று அருகில் ஒரு குறிப்பை மட்டும் இட்டனர். பெயரை மாற்ற விரும்பியவன் முழுமனத்தோடு இணங்கினான் என்று சொல்வதற்கில்லை. இப்பொழுது அவன் வேறொன்றைக் கொண்டுவந்திருக்கின்றான். 1834இற் கொழும்பிலே தொடங்கி, ‘கொழும்பு ஒப்சேவர்’ ஆகி, 1867இற் ‘சிலோன் ஒப்சேவர்’ ஆன ஆங்கில ஏட்டிற்குத் தமிழிற் கட்டுரை எழுத வேண்டுமாம். எந்தப் பெயரில் தொடங்குவது என்று கேட்கின்றான்.