பெரியவங்க ஓ.பி.

நரம்பியல் ஓ.பி. வாசலில் பெஞ்சு போதவில்லை. பக்கவாதத்தில் கை மடங்கியவர்கள், விரல் நடுங்கும் தாத்தாக்கள், தலைவலிக்கு நெற்றியில் துணியை இறுக்கிக் கட்டிய பெண்கள். எல்லாரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். அவர்களுக்கு நடுவே சக்கர நாற்காலியில் ஒரு பையன். பத்தொன்பது வயது இருக்கும். இன்று காலைதான் சவரம் செய்திருக்கிறார்கள். தாடையில் சிறு கீறல். வலது கை மார்போடு ஒட்டி மடங்கியிருக்கிறது. இடது கையின் ஒற்றை விரல், கழுத்தில் தொங்கும் போனைத் தள்ளிக்கொண்டிருக்கிறது.

அம்மாவின் மடியில் துணிக்கடைப் பை. அதற்குள் பிறந்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டு முதல் போன மாத மருந்துச் சீட்டு வரை எல்லாம் இருக்கிறது. மேலாக ஒரு நோட்டு; அட்டையில் யானைக்குட்டி ஸ்டிக்கர்.

"பொறந்தப்ப அழுகலைன்னாங்க. மூளைக்குக் காத்துப் போகலையாம்," என்கிறாள் பக்கத்துப் பெண்ணிடம். "இத்தனை நாளும் குழந்தைங்க ஓ.பி.யிலதான் பாத்தோம். உள்ள நுழைஞ்சாலே 'வாடா பெரிய மனுசா'ம்பாரு டாக்டரு. இப்ப பதினெட்டு முடிஞ்சிருச்சு, பெரியவங்க ஓ.பி.க்குப் போங்கன்னுட்டாங்க."

அனுப்பிய சீட்டை எடுத்துக் காட்டுகிறாள். பெயர், வயது, மூளை முடக்குவாதம், நரம்பியல் பிரிவுக்கு அனுப்பப்படுகிறது. கீழே ஒரு கிறுக்கல் கையெழுத்து. பதினெட்டு வருட வைத்தியத்துக்கு அவ்வளவுதான் முன்னுரை.

அரசு மருத்துவமனைகளில் குழந்தைகள் பிரிவின் எல்லை பெரும்பாலும் 12 வயது. தெரிந்த முகம் என்ற இரக்கத்தில் சிலரை அதற்கு மேலும் பார்ப்பார்கள். 2013இல் மத்திய அரசு தொடங்கிய பிள்ளைகள் நலத் திட்டம் 18 வயது வரை கை கொடுக்கிறது. அதன்கீழ் வந்த மாவட்ட இடையீட்டு மையங்களில் குழந்தை மருத்துவர், இயன்முறை மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர், உளவியலாளர் எல்லாரும் ஒரே கூரையின்கீழ். பதினெட்டாவது பிறந்தநாள் தாண்டியதும் அந்தக் கூரை கலைந்துவிடுகிறது. நரம்பியலுக்கு ஒரு கிழமை, எலும்புப் பிரிவுக்கு வேறொரு கிழமை, இயன்முறைக்கு வேறு கட்டடம். எதை யாரிடம் சொல்வது என்பது அம்மாவின் தலைக்குள் மட்டும் இருக்கிறது.

டோக்கனைக் கூப்பிடுகிறார்கள். என் அப்பாவின் டோக்கன் அடுத்தது என்பதால் நாங்களும் உள்ளே போய் மேசையோரம் நிற்கிறோம்.

"எடை எவ்வளவும்மா?" என்கிறார் நர்ஸ்.

எடை பார்க்கும் இயந்திரம் ஏறி நிற்கிறவர்களுக்கானது. சின்ன வயதில் அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு ஏறி நிற்பாள். அவள் எடையைக் கழித்துவிடுவார்கள். இன்று அவன் அவளைவிடக் கனம். "போன வருசம் நாப்பத்தாறு இருந்தான்," என்கிறாள். நர்ஸ் 46 என்று எழுதிக்கொள்கிறார்.

டாக்டர் இளம்பெண், மேற்படிப்பு மாணவியாக இருக்கலாம். "என்ன பண்ணுது?" என்று கேட்டதும் அம்மா மூச்சு விடாமல் ஒப்பிக்கிறாள்: கடைசி வலிப்பு எப்போது, கால் இறுக்கம் எப்படி, எந்த மாத்திரை எந்த வேளை. டாக்டர் எழுதி முடித்து, நாற்காலியின் பக்கம் திரும்புகிறார்.

"தம்பி, நீங்க சொல்லுங்க."

அவன் வாயைத் திறக்கிறான். வார்த்தை வருவதற்குள் கழுத்து நரம்பு புடைக்கிறது. அம்மாவின் உதடு அசைய, டாக்டர் கையைத் தூக்கி நிறுத்துகிறார். வெளியே கூட்டம் இரைகிறது.

"மத்தியான... மாத்திரை... போடுறதில்ல."

"ஏன்?"

"தூக்கம்... வருது. கிளாஸ்ல... தூங்கிடுறேன்."

அம்மா திகைத்துப் பார்க்கிறாள். "டிபன் பாக்ஸோடவே வச்சு அனுப்புறேனே ராசா!" அவன் கம்ப்யூட்டர் படிக்கிறான் என்பதும் அப்போதுதான் டாக்டருக்குத் தெரிகிறது. இறுக்கம் தளர்த்தும் அந்த பேக்லோஃபென் மாத்திரையின் வேளையை மாற்றி எழுதுகிறார். "கஷ்டமா இருந்தா வந்து சொல்லுங்க. திடீர்னு நிறுத்தினா வலிப்பு வர வாய்ப்பிருக்கு," என்று அவனிடமே சொல்கிறார்.

இவ்வளவும் எங்கள் காதில் விழுகிறது. மேசையைச் சுற்றி நாலைந்து பேர் நிற்கிறோம். சிறுநீர் பற்றி, உடம்பு பற்றி, கல்யாணம் பற்றிப் பத்தொன்பது வயதுக்காரனுக்குக் கேட்க ஆயிரம் இருக்கும். எங்களை வைத்துக்கொண்டு எப்படிக் கேட்பான்? அம்மாவை வைத்துக்கொண்டுதான் எப்படி?

காலுக்கு ஊசி போட்டுப் பார்க்கலாம் என்று முடிவாகிறது. நர்ஸ் சம்மதப் படிவத்தை அம்மாவிடம் நீட்டுகிறார்.

"அவர் மேஜர். அவர்தான் போடணும்," என்கிறார் டாக்டர்.

"கலெக்டர் ஆபீஸ்ல கார்டியன் சர்டிபிகேட் வாங்கணும்னாங்களே மேடம்?"

ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பன்முக ஊனம் உள்ளவர்கள் 18 வயதைக் கடந்தபின் அவர்களுக்குச் சட்டப்படி காப்பாளரை நியமிக்க 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வழி செய்திருக்கிறது. ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர்க் குழுதான் அதை முடிவு செய்யும். ஆனால் காப்பாளர் தேவையா என்பதையே அந்தக் குழு முதலில் பார்க்க வேண்டும். மத்தியான மாத்திரையை நிறுத்தக் காரணம் சொல்லத் தெரிந்தவனுக்குக் கையெழுத்தும் அவனுடையதுதான். கோணல் மாணலாக, கட்டத்தைத் தாண்டிப் போட்டான். போட்டுவிட்டுப் பேனாவை அம்மாவிடம் கொடுக்காமல் டாக்டரிடமே நீட்டினான்.

அந்த டாக்டருக்குப் பொறுமை இருந்தது. நாளை அந்த நாற்காலியில் வேறொருவர் உட்காருவார். ஒருவரின் பொறுமையை நம்பி ஓர் ஏற்பாடு நடக்கக் கூடாது. இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டிகளை வகுக்கும் நைஸ் அமைப்பு 2016இல் வெளியிட்ட வழிகாட்டி, குழந்தைகள் பிரிவிலிருந்து பெரியவர்கள் பிரிவுக்கு மாறுவதற்கான திட்டமிடலை 13, 14 வயதிலேயே தொடங்கச் சொல்கிறது; முன்னும் பின்னும் துணை நிற்க, பெயர் குறித்து ஒரு பணியாளரையும் கேட்கிறது. நமக்குப் புதுக் கட்டடம் வேண்டாம். குழந்தைகள் டாக்டர் எழுதிய ஒரு பக்கச் சுருக்கம், அனுப்புவதற்கு முன் இரண்டு டாக்டர்களும் சேர்ந்து பார்க்கும் ஒரு நாள், சக்கர நாற்காலியோடு ஏற்றி எடை பார்க்கும் ஒரு மேடை. இந்த மூன்றும் எந்த மாவட்ட மருத்துவமனைக்கும் கைக்கெட்டாதவை அல்ல.

வீட்டில் இப்படிப் பிள்ளை இருக்கிறவர்கள் பதினெட்டு வரை காத்திருக்க வேண்டாம். மாத்திரையின் பெயரையும் வேளையையும் பன்னிரண்டு வயதிலேயே பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள். டாக்டர் கேட்கும் முதல் கேள்விக்குப் பிள்ளையே பதில் சொல்லட்டும். எவ்வளவு நேரமானாலும் சரி.