சரிவை அளக்கும் கோல்

மலையில் வாழ்வோர்க்குச் சரிவு என்பது கணக்கன்று, முழங்காலின் அனுபவம். பதுளை மாவட்டத் தோட்டங்களிலே கூடை சுமந்து மேல்மலைக்கு ஏறும் கொழுந்துப் பெண், எது செங்குத்தான மலை, எது ஏற எளியது என்பதைக் கருவி எதுவுமின்றி அறிவாள். ஆயினும் உடல் அறிந்ததைப் பிறர் ஏற்கும் வண்ணம் கூறுவதற்கு எண் வேண்டும். அவ்வெண்ணைப் பெறுதல் அரிய காரியமன்று.

ஒரு மீற்றர் நீளமுள்ள நேரான கோல், பாதி நீர் நிரப்பி மூடிய போத்தல், கல் கட்டிய நூல், அளவுநாடா ஆகியன போதும். கோலின் ஒரு நுனியை மேட்டு நிலத்தில் வைத்து, மறு நுனியைப் பள்ளத்தை நோக்கி நீட்டவேண்டும். போத்தலைக் கோலின்மீது படுக்கவைத்து, உள்ளிருக்கும் நீர்மட்டம் கோலுக்கு இணையாகும்வரை வெளிநுனியை உயர்த்தித் தாழ்த்தினால் கோல் கிடையாகும். அந்நுனியிலிருந்து நூலைத் தொங்கவிட்டு, நிலம் வரையுள்ள உயரத்தை அளக்கவேண்டும். அது 50 சென்ரிமீற்றராயின் சரிவு 50 வீதம். கோணத்திற் கூறின் ஏறத்தாழ 27 பாகை. 100 வீதச் சரிவு செங்குத்துச் சுவரன்று, 45 பாகையே. கோலை நிலத்தோடு சாய்த்து அளப்பது பிழை. ஓரிடத்து மேடுபள்ளம் ஏமாற்றுமாதலால், பல இடங்களில் அளந்து சராசரி காண்பதே முறை.

1924இல் பதுளையை அடைந்த இருப்புப்பாதையைச் சமைத்தோர், 44 அடி தூரத்துக்கு ஓரடி என ஏற்றத்தை மட்டுப்படுத்தினர். அதற்காகவே தெமோதரையில் பாதை வளைந்து சென்று தன் நிலையத்துக்குக் கீழாகவே நுழைகின்றது. புகைவண்டியின் பொருட்டு இத்துணை நுணுக்கமாக அளக்கப்பட்ட மலைகளில், லயங்களின் மேலுள்ள சரிவு அதே அக்கறையைப் பெற்றதா?

2014 ஒக்ரோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. அவ்விடம் அபாயமானதெனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. ஆகவே அங்கு இல்லாதிருந்தது அளவன்று. பெயர்ந்து செல்வதற்குரிய நிலம். 2025 நவம்பர் இறுதியில் திட்வா புயல் மழையின்போதும் பதுளை மாவட்டம் மண்சரிவுகளால் பேரிழப்புற்றது.

சரிவு ஒன்றே மலையின் விதியைத் தீர்மானிப்பதில்லை. மழையும், மண்ணின் ஆழமும், கான்கள் பேணப்படும் முறையும் அதனோடு சேர்கின்றன. நிலத்திற் புதிதாகத் தோன்றும் வெடிப்பு, சாயும் மரம், திடீரெனக் கலங்கி வரும் ஊற்று என்பன எழும்போது கோலைத் தேடாது இடத்தைவிட்டு அகல்வதே அறிவுடைமை.

ஆயினும் தோட்டப் பாடசாலை மாணவர், மழையற்ற நாளொன்றில் தம் லயத்தின் பின்புறச் சரிவைத் தாமே அளந்து எழுதிவைப்பாராயின், பாட்டியின் முழங்கால் அறிந்தது ஆவணமாகும், ஆவணம் கேள்வியாகும். நாங்கள் குடியேற நிலம் எங்கே என்னும் அக்கேள்விக்கு விடை கூறவேண்டிய கடமை, கோல் பிடித்த சிறுவனுடையதன்று.