உப்புத் தண்ணீரும் ஒரு திரியும்

உச்சிப்புளிப் பக்கம் காடைக் குஞ்சு பொரித்து விற்கிற அக்கா ஒருவரைப் பார்க்க மண்டபத்து நண்பர் கூட்டிப்போனார். ஓட்டு வீட்டின் பின்கட்டில் குஞ்சு பொரிக்கிற மெஷின். மோட்டார், தெர்மோஸ்டாட் எல்லாம் அக்கா விளக்கினார். எனக்குத் தலையில் ஏறவில்லை, விட்டுவிடுகிறேன். என்னைப் பிடித்து நிறுத்தியது கண்ணாடிக்குப் பின்னால் ஜோடியாகத் தொங்கிய இரண்டு தெர்மாமீட்டர்கள். ஒன்றின் குமிழ் வெறுமனே இருந்தது. மற்றதில் வெள்ளைத் துணித்திரி சுற்றி, அதன் வால் ஒரு சின்னத் தண்ணீர்ப் புட்டிக்குள் கிடந்தது.

வெறும் குமிழ் 99.5 டிகிரி பாரன்ஹீட் காட்ட வேண்டும். நனைந்த குமிழ், நீர் ஆவியாகிற குளிர்ச்சியில் 85 வாக்கில் நின்றால் உள்ளே ஈரப்பதம் சுமார் 55 சதவீதம். காடை முட்டைக்கு முதல் 14 நாள் அது போதும். கடைசி மூன்று நாள், குஞ்சு ஓட்டைக் கொத்துகிற நேரம், 90-க்கு ஏற்ற வேண்டும். ஈரப்பதம் 70-ஐ ஒட்டி வந்துவிடும்.

பழைய திரி ஒன்றை எடுத்துக் காட்டினார். குச்சி போல விறைத்திருந்தது. நகத்தால் சுரண்டினால் வெள்ளைப் பொருக்கு உதிர்ந்தது. அவர் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. உப்புப் படிந்த திரி நீரைச் சரியாக இழுக்காது, ஆவியாவது குறையும், குமிழ் குளிராது. உள்ளே காய்ந்து கிடக்கும்போதே மீட்டர் 90 என்று நிற்கும்.

“அது பொய் சொல்லுது தம்பி, நானும் நம்பிட்டேன். ஓட்டை உடைச்ச குஞ்செல்லாம் சவ்வு காஞ்சு ஒட்டிக்கிட்டு, மூக்கை வெளிய நீட்டினபடியே செத்துக் கெடந்துச்சு.”

இப்போது புட்டிக்கு மழைத்தண்ணீர்தான். தீர்ந்தால் காசு கொடுத்து வாங்குகிற கேன் தண்ணீர்.

கடற்கரையில் ஈரத்துக்கா பஞ்சம் என்று கேட்கத் தோன்றும். 28 டிகிரி செல்சியஸில் 80 சதவீத ஈரத்தோடு வருகிற காற்றை 37.5 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 47-க்கு இறங்கிவிடும். நீர் குறையவில்லை; சூட்டுக் காற்று இன்னும் அதிகம் கொள்ளும், அவ்வளவுதான். நாமக்கல் பக்கத்துக் கோடைக் காற்றோடு பார்த்தால் இது எவ்வளவோ மேல். அதனால் தொடக்கத்தில் அக்கா தட்டில் கொஞ்சம்தான் தண்ணீர் விடுகிறார். எங்கோ வறண்ட ஊரை நினைத்து எழுதிய கையேட்டை அப்படியே பின்பற்றியிருந்தால் இங்கே ஈரம் கூடித்தான் போயிருக்கும்.

ஈரம் கூடினாலும் கேடுதான். ஓட்டின் நுண்துளை வழியே முட்டை நீரை இழந்தால்தான் உள்ளே காற்றறை பெரிதாகும். குஞ்சின் முதல் மூச்சு அங்கேதான். கோழி முட்டையென்றால் டார்ச் அடித்துப் பார்த்துவிடலாம். காடை முட்டை ஓடு முழுக்கப் புள்ளி, சரியாகத் தெரியாது. அக்கா தராசில் வைக்கிறார். நூறு முட்டை ஏறக்குறைய ஒரு கிலோ. 14-ஆம் நாள் தட்டின் எடை போக நூறு கிராமாவது குறைந்திருக்க வேண்டும். அந்தத் தராசு எனக்கு மெஷினைவிடப் பிடித்தது.

ஈரம் போலவே புரட்டுவதும் ஒரு கணக்கு. தனுஷ்கோடிப் பக்கம் வனத்துறை பங்குனி ஆமை முட்டைகளை மணலில் புதைத்துக் காக்கிறது. அவற்றைப் புரட்டவே கூடாது. காடை முட்டையை நாளுக்குப் பல தடவை புரட்டாவிட்டால் கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். வளர்ப்பில் பழகிய ஜப்பானியக் காடை அடைகாக்கவே மறந்துவிட்டதால் அந்த வேலையும் மெஷின் தலையில்.

இத்தனைக்கும் விலை சொல்வது வியாபாரி. வழியில் செத்த குஞ்சுக்குக் கழிவு, பணம் அடுத்த நடைக்கு. கரண்டு போய் முட்டை ஆறினால் அது அக்கா கணக்கு. சந்தையில் விலை ஏறினால் மட்டும் வியாபாரி கணக்கு. முட்டைக்கும் கேன் தண்ணீருக்கும் கைக்காசு போடுகிறவர் கடன் சொல்ல முடியாது. குஞ்சை வாங்கிப்போகிறவர் சொல்லலாம். இது என்ன நியாயமோ!

நாங்கள் கிளம்புகையில் வியாபாரியிடமிருந்து போன் வந்தது. வண்டி இல்லையாம், குஞ்சை இரண்டு நாள் கழித்து எடுத்துக்கொள்கிறாராம்.

“பதினேழாம் நாள் பொரிக்கிறதை நான் கையை வச்சா அமுக்கிப் பிடிக்க முடியும்?” என்று அக்கா போனில் சத்தம் போட்டார். “நாளைக்கு வண்டி வரலைன்னா பரமக்குடிக்காரகளுக்குக் குடுத்துருவேன், ஆமா.”