நூறு அடி வேலியும் ஏழு கிலோ யூரியாவும்

லண்டனில் இருக்கிற சித்தி வட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தா. நீல பிளாஸ்ரிக் பீப்பாய். உள்ளுக்குள் கறுப்பாக ஏதோ நுரைக்குது. பக்கத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு சித்தப்பா!

"இது கொம்ஃப்ரி இலை ஊறவைச்ச தண்ணி பிள்ளை. எங்கட தக்காளிக்கு இதுதான் உரம். உங்கை உந்தச் செடி இருக்கோ எண்டு அம்மப்பாட்டக் கேட்டுச் சொல்லு."

எங்களுக்கு ஒரு விஷயம் தெரியாவிட்டால் முதலில் செய்கிற வேலை என்ன? போனைத் தட்டுவதுதான். தட்டினேன். கொம்ஃப்ரி என்பது ஆழமாக வேரோடுகிற, சொரசொரப்பான பெரிய இலையுள்ள செடி. வெட்ட வெட்டத் தழைக்கும். இலையில் பொற்றாசியம் மாட்டெருவை விடக் கூட. 1870களில் ஹென்றி டபிள்டே என்ற இங்கிலாந்துக்காரர் முத்திரைக்குப் பசை செய்யலாம் என்ற ஆசையில் ரஷ்யாவிலிருந்து இதை வரவழைத்தாராம். பசை சரிவரவில்லை, செடி தங்கிவிட்டது. 1954 இல் லோரன்ஸ் ஹில்ஸ் என்பவர் எசெக்ஸில் பொக்கிங் என்ற ஊரில் துண்டுக் காணி ஒன்றை வாடகைக்கு எடுத்து, டபிள்டேயின் பெயரிலேயே ஒரு ஆய்வுச் சங்கம் தொடங்கி, இந்தச் செடியின் வகைகளை நட்டு நட்டுப் பார்த்தார். அதில் முதலிடம் பிடித்ததுதான் 'பொக்கிங் 14'. விதை போடாது. வேர்த் துண்டை வைத்தால் முளைக்கும். சித்தியின் பீப்பாய்க்குள் கிடந்து நாறுவதும் அதுதான்.

சரி, இவ்வளவும் தெரிந்தாச்சு. அம்மப்பாவிடம் கேட்கவேண்டியதுதான் பாக்கி. புரட்டாதி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் 750 ஏறினேன்.

பருத்தித்துறை வீதியால் போகும்போது வலப்பக்க யன்னல் சீற் கிடைத்தால் விடக்கூடாது. அன்றைக்குக் கிடைத்தது. இருபாலை தாண்டியதும் ஒரு விளையாட்டுத் தொடங்கினேன். உயிர்வேலியுள்ள வளவுகளை எண்ணுவது. கோப்பாய் போய் நீர்வேலியில் இறங்கும் வரைக்கும் பதினொன்று. மதில்களை எண்ணப் போகவில்லை. பச்சை மதில், ஊதா மதில், மேலே தாமரை மொட்டு வைத்த மதில், ஒரு இடத்தில் சிங்கம் வைத்த மதில் கூட இருந்தது. நான் பெரிய பெருமை பேச முடியாது. எங்கட வீட்டிலும் 2019 இல் மதில் வந்தது. அப்பாவின் நியாயங்களும் பொய்யில்லை. வருசா வருசம் வேலி அடைக்க ஆள் இல்லை, ஓலை இல்லை. அடைத்தாலும் பக்கத்து வீட்டுக்காரர் கதியாலை ஒரு விரல் தள்ளி நட்டுவிட்டார் என்று கோட்டுக்குப் போகிற ஊர் இது. மதில் கட்டினால் சண்டை முடிஞ்சுது. வேலியும் முடிஞ்சுது.

நீர்வேலியில் இறங்கினால் முதலில் கண்ணில் படுவது மண்ணின் நிறம். செம்பாட்டு மண். மழைக்காலத்தில் வெள்ளைச் சப்பாத்தோடு வந்தவர்கள் திரும்பிப் போகும்போது அந்தச் சப்பாத்துக்கு வேறு பெயர் வைக்கவேண்டி வரும். அடுத்தது வாழை. யாழ்ப்பாணத்தில் வாழைப்பழம் என்றால் நீர்வேலி என்று சொல்லுமளவுக்கு ஒழுங்கைக்கு இரண்டு பக்கமும் வாழை. அம்மப்பாவிடம் ஆறு பரப்பு இருக்கிறது. நாலு பரப்பில் வாழை, மிச்சத்தில் வெங்காயம், மிளகாய்.

படலையைத் திறந்தபோதே கத்திச் சத்தம் கேட்டது. கிழக்கு வேலியில் இரண்டு பேர் ஏறி நின்று சீமைக்கிளுவையை அடியோடு தறித்துக்கொண்டிருந்தார்கள். கீழே அம்மப்பா கொப்புகளை இழுத்துக் குழையை வேறாக, தடியை வேறாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

"வந்தனியே பிள்ளை? நல்ல நேரத்திலதான் வந்தனி. உந்தக் கொப்பைப் பிடி."

விஷயம் என்னவென்றால், பக்கத்து வளவுக்காரரின் மகன் கனடாவிலிருந்து காசு அனுப்பியிருக்கிறார். மதிலுக்கு. பொது வேலி, நூறு அடி நீளம். அம்மப்பா மறுப்புச் சொல்லவில்லையாம். "அவன்ரை காணிக்குள்ள அவன் கட்டிறான். நான் என்ன சொல்லுறது? குழை முழுக்க எனக்கு எண்டு மட்டும் கேட்டனான்."

அப்போதுதான் கொம்ஃப்ரி ஞாபகம் வந்தது. வீடியோவைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, போனைத் தூரப் பிடித்து, முழுவதையும் பார்த்தார்.

"ஓம், இலையை அழுகவிட்டு ஊத்துறாங்கள். நாங்கள் மண்ணுக்குள்ள தாழ்க்கிறம். உதுதானே வித்தியாசம்?"

குழை தாழ்க்கிறது என்றால் பச்சைக் குழையை மண்ணுக்குள் புதைப்பது. வாழைக்கு என்றால் அடியிலிருந்து இரண்டடி தள்ளி அரைவட்டமாகக் கிடங்கு வெட்டி, குழையை அமத்தி மிதித்து, மேலே கொஞ்சம் சாணிக் குப்பை போட்டு மண்ணால் மூடுவது. வெட்டிய அன்றே தாழ்க்கவேண்டும். வெய்யிலில் காயவிட்டால் நைதரசனில் ஒரு பங்கு காற்றோடு போய்விடும். அம்மப்பாவுக்கு நைதரசன் கணக்குத் தெரியாது. "காஞ்ச குழை சக்கை" என்பார். முந்தி புகையிலைத் தோட்டங்களுக்குப் பூவரசங்குழை, வாதராணி, காவிளாய் என்று வண்டில் வண்டிலாக வந்து இறங்குமாம். பனையோலையைக்கூட விடவில்லை. அதையும் வெட்டித் தாட்டிருக்கிறார்கள்.

சீமைக்கிளுவையும் எங்கள் ஊர் மரமில்லை. பெயரிலேயே 'சீமை' இருக்கிறது. மத்திய அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே கொக்கோ மரங்களுக்கு நிழல் கொடுப்பதால் 'கொக்கோவின் தாய்' என்று பெயராம். தாவரவியல்காரர் வைத்த 'கிளிரிசிடியா' என்ற பெயருக்கு எலிகொல்லி என்று அர்த்தம். தாயா, கொலைகாரியா என்று அவர்களே முடிவெடுக்கட்டும். தடியை வெட்டி ஊன்றினால் முளைக்கும், வேரில் காற்று நைதரசனைப் பிடித்து வைக்கும், குழையில் பொற்றாசியமும் தாராளம். வாழை பொற்றாசியத்துக்கு அலைகிற பயிர். தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிர் என்று எங்கள் நாடு அறிவித்த மரம் இதுதான். தெற்கில் தென்னைக்குக் கீழே வரிசையாக நடுகிறார்கள். நாங்கள் வேலியில் வைத்திருந்தோம்.

சும்மா குழை சுமக்க மனமில்லாமல் வாழைக்குலை நிறுக்கிற தராசை எடுத்துவந்தேன். என்ஜினியரிங் படிக்கிற பிள்ளை அல்லவா! கட்டுக் கட்டாக நிறுத்தேன். ஒரு கட்டு ஏறக்குறையப் பதினெட்டுக் கிலோ. பின்னேரம் வரைக்கும் இருபத்துமூன்று கட்டு. மொத்தம் 414 கிலோ. வாழை மரத்தடியில் இருந்து போனிலேயே கணக்குப் போட்டேன். பச்சைக் குழையில் முக்கால்வாசி தண்ணீர். காய்ந்த நிறை நூறு கிலோவைக் கொஞ்சம் தாண்டும். அதில் நைதரசன் நூற்றுக்கு மூன்று என்று வைத்தால், மூன்று கிலோ. யூரியாவில் 46 வீதம் நைதரசன். அப்படியென்றால்...

ஏழு கிலோ யூரியா. அவ்வளவுதான்!

திரும்பவும் போட்டுப் பார்த்தேன். அதே ஏழுதான். இரண்டு பேர் ஒரு நாள் மரத்தில் தொங்கி, நானும் அம்மப்பாவும் இடுப்பு ஒடிய இழுத்து, நூறு அடி வேலியை மொட்டையடித்து, ஒரு சொப்பிங் பையில் கொண்டுவரக்கூடிய உரம். ஒரு அந்தர் யூரியாவில் இருக்கிற நைதரசனுக்கு மூன்றாயிரம் கிலோ குழை வேண்டும். சொல்லுவதா விடுவதா என்று யோசித்துக் கடைசியில் சொல்லிவிட்டேன்.

அம்மப்பா கோபப்படவில்லை. தேத்தண்ணியை ஆற்றிக் குடித்தார்.

"ஏழு கிலோவே? அது பெரிசு பிள்ளை. தடைக் காலத்தில ஏழு கிலோ யூரியா கண்ணில காட்ட ஒருத்தனிட்ட இருந்ததோ எண்டு கேள்."

தொண்ணூறுகளில் வடக்குக்குப் பொருளாதாரத் தடை இருந்ததை எங்கள் வயசுக்காரர் கதையாகத்தான் கேட்டிருக்கிறோம். வெடிமருந்து செய்யலாம் என்று யூரியாவும் அந்தப் பட்டியலில். எண்ணெய் இல்லாமல் பம்ப் ஓடாது, பழைய துலாவைத் திரும்பக் கட்டி இறைத்தார்களாம். உரத்துக்கு வேலி. வருசத்தில் மூன்று தரம் வெட்டுவாராம். 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமமே இடம்பெயர்ந்தபோது அம்மம்மாவும் அவரும் எங்கட அம்மாவைக் கையில் பிடித்துக்கொண்டு தென்மராட்சிக்குப் போனார்கள். அடுத்த வருசம் திரும்பி வந்தபோது வீட்டுக்கு ஓடு இல்லை, யன்னல் இல்லை. வேலி மட்டும் வெட்ட ஆளில்லாமல் பத்தையாக எழும்பி நின்றதாம்.

"காணி எதெண்டு உந்த வேலியைப் பாத்துத்தான் பிடிச்சனாங்கள். முதல் மாசம் வித்த காசு வாழைக்குலைக் காசு. உந்தக் குழையில வந்த குலை."

அதற்குப் பிறகு 2021. அந்தக் காலம் எனக்கே நினைவிருக்கிறது. ஒரு நாள் திடீரென்று இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்தார்கள். நாடு முழுக்க இயற்கை விவசாயம் என்றார்கள். நவம்பரில் தடையை எடுத்தும் உரம் வந்து சேரவில்லை. 2022 இல் ஒரு அந்தர் யூரியா கறுப்புச் சந்தையில் 30,000 ரூபாயையும் தாண்டியது. அம்மப்பாவிடம் அப்போது மூன்று பக்கம் வேலி இருந்தது. வாழை தப்பியது.

"அப்ப குழை மட்டும் போதும் எண்டுறீங்களோ?" என்று மடக்கினேன்.

"ஆர் சொன்னது? வெங்காயம் சுண்டங்காய் மாதிரிப் போச்சு. வாழை பொறுத்திருந்து தின்னும். வெங்காயத்துக்கு மூண்டு மாசந்தான், அதுக்கு அவசரம். குழை ஆறுதலாத்தான் குடுக்கும். எனக்கு யூரியாவோட கோபமில்லை. அளவா ஒரு பிடி போடுவன். அளவில்லாமப் போட்டால் எங்க போகும்? கிணத்துக்குத்தான்."

இது எங்கள் பாடத்திலும் வருகிறது. யாழ்ப்பாணத்தில் வருசம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை. மழைத்தண்ணி சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி நிற்கிறது, அதைத்தான் அள்ளிக் குடிக்கிறோம். மண்ணில் கரைந்த உரமும் அதே வழியால்தான் இறங்கும். வலிகாமத்துத் தோட்டக் கிணறுகளில் நைத்திரேற்று அளவுக்கு மிஞ்சியிருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தண்ணீர் லீற்றருக்கு ஐம்பது மில்லிகிராம் வரை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. பால்மா குடிக்கிற குழந்தைக்கு அதைத் தாண்டுவது ஆபத்து. கழிவறைக் குழிகளும் காரணம்தான், உரத்தின் தலையில் மட்டும் போடமுடியாது.

என்னுடைய ஏழு கிலோக் கணக்கில் இன்னொரு பிழை இருந்தது. அதை அம்மப்பா வாயால் சொல்லவில்லை, மண்வெட்டியால் காட்டினார். ஒழுங்கைக்கரையோரம், போன வருசம் ஆளில்லாமல் குழை போடாத ஒரு வரிசை. கொத்தினால் கட்டி கட்டியாகப் பெயர்ந்தது. அடுத்த வரிசையில் மண்வெட்டி மெதுவாக இறங்கியது, கறுப்புக் கலந்த மண், மண்புழு. இரண்டுக்கும் ஒரே நாள்தான் இறைத்தது. ஒன்று தூசி, மற்றது ஈரம். குழை தாட்ட இடத்துக்கு நாலு நாளைக்கு ஒருக்கா இறைக்கிறதை ஆறு நாளைக்குத் தள்ளலாம் என்கிறார். பம்புக்கு எண்ணெய் விற்கிற விலையில் அந்த இரண்டு நாள் என்ன பெறுமதி என்பதை நான் கணக்கில் சேர்க்கவேயில்லை.

இருட்டுகிற நேரம் கடைசிக் கிடங்கை மூடினோம். கிழக்குப் பக்கம் வெறுமையாகக் கிடந்தது. பக்கத்து வீட்டு மாமியின் சமையலறை யன்னல் முதல்தடவையாக நேரே தெரிந்தது. அவவும் எங்களைப் பார்த்துச் சங்கடமாகச் சிரித்தா. பிறகு வேலியால் கொடுக்க வேண்டியிருக்காத ஒரு தட்டில் வடை கொண்டுவந்து தந்தா.

அடுக்கிவைத்த தடிகளில் நேரானதாகப் பார்த்து எட்டுக் கதியால் எடுத்துத் தரச் சொன்னேன். "எங்க நடப்போறாய்? உங்கட வீட்டில மதிலெல்லோ?" என்றார். மதிலுக்கு உள்பக்கம் மூன்றடி தள்ளி என்றேன். ஒன்றும் சொல்லாமல் அடிநுனியைச் சரிவாகச் சீவி, எது தலை எது அடி என்று நான் மாறி நட்டுவிடாதபடி மேல் நுனிகளில் சாணி அப்பிக் கட்டித்தந்தார்.

கடைசி 750 இல் கொண்டக்ரருக்கும் எனக்கும் பெரிய வாக்குவாதம். கதியாலுக்கு ரிக்கற் கேட்டார். பின்சீற்றில் இருந்த ஒரு அம்மா எனக்காகக் கதைத்து, இறங்கும்போது அதில் ஒன்றைத் தனக்குக் கேட்டு வாங்கிக்கொண்டு போனா. மிச்சம் ஏழு.

அடுத்த நாள் அப்பா அலவாங்கோடு நிற்கிற என்னையும் மதிலையும் மாறி மாறிப் பார்த்தார். "வேர் போய் மதில் வெடிக்காதோ?" என்ற ஒரு கேள்விதான். வெட்டி வெட்டிக் கட்டையாக வைத்திருப்பேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஐப்பசி மழைக்கு ஐந்து துளிர்த்துவிட்டது. லண்டனுக்குப் படம் அனுப்பினேன். "இது கொம்ஃப்ரி இல்லையே" என்று சித்தி பதில் போட்டிருக்கிறா.