மருந்தும் மனையும்

தமிழில் ‘பித்து’ என்னும் சொல்லுக்கு உள்ள பெருமை வேறெந்த நோய்ப்பெயருக்கும் இல்லை எனலாம். சைவர் தம் இறைவனையே பித்தன் என்றழைத்து மகிழ்வர். இறைக்காதலில் தம்மை மறந்தாரை நாம் ‘மஸ்தான்’ என்று போற்றுகின்றோம். தொண்டிக்கு அருகே குணங்குடியிற் பிறந்த சுல்தான் அப்துல் காதிர், குணங்குடி மஸ்தான் சாகிபு என்னும் பெயராலேயே தமிழிலக்கியத்தில் நிலைபெற்றார். இலக்கியத்திற் பித்தனுக்கு அரியணை. தெருவில் அவனுக்குக் கல்லடி. வீட்டிற் கொல்லைப்புறத்து அறை. இவற்றுக்கு இடையே உள்ள தொலைவை நாம் வகுப்பறையிற் பேசுவதில்லை. மலரிலாவது பேசலாமே என்னும் துணிவில் இக்கட்டுரை எழுதப்படுகின்றது.

முதலிற் பெயரைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். 1908-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து நாட்டு மருத்துவர் யூஜின் புளூலர் இந்நோய்க்கு ‘ஸ்கிசோஃபிரினியா’ என்று பெயரிட்டார். பிளவு, மனம் என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அது. எண்ணமும் உணர்வும் செயலும் ஒன்றோடொன்று இணங்காது நிற்றலையே அவர் குறித்தார். நம்மவர் அதனை ‘உளப்பிளவு’ என மொழிபெயர்க்க, ஓருடலில் இருவர் குடியிருப்பதாகப் பொதுமக்கள் எண்ணலாயினர். திரைப்படங்கள் அவ்வெண்ணத்திற்கு உரமிட்டன. இன்று வழக்கிலுள்ள ‘மனச்சிதைவு’ அதனினும் நன்று; எனினும், சிதைந்தது இனிக் கூடாது என்னும் அச்சத்தையும் அச்சொல் உடன் கொண்டுவருகின்றது. ஜப்பானியர் 2002-ஆம் ஆண்டில், ‘மனம் பிளந்த நோய்’ எனப் பொருள்படும் பழைய பெயரைக் கைவிட்டு, ‘ஒருங்கிணைப்புக் குலைவு’ என்னும் பொருளிற் புதுப்பெயர் வைத்துக்கொண்டனர். நோயாளியிடம் நோயின் பெயரைச் சொல்ல மருத்துவர் தயங்கிய நிலை அதன்பின் அங்கே குறைந்தது. கலைச்சொல் ஆக்குவோர் கருதத்தக்க செய்தி இது.

உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்கின்படி, ஏறத்தாழ 300 பேரில் ஒருவரை இந்நோய் பற்றுகின்றது. பெரும்பாலும் அது தலைகாட்டுவது பதின்பருவத்தின் இறுதியிலும் இருபதுகளிலும் ஆகும். அஃதாவது நம் மாணவச் செல்வங்களின் வயதில்.

நம் சாச்சாவின் மகன் வணிகவியல் இரண்டாம் ஆண்டு பயின்றுகொண்டிருந்த 1998-ஆம் ஆண்டில் அவருக்குக் குரல்கள் கேட்கத் தொடங்கின. முதலில் அவர் அதனை ஒருவரிடமும் சொல்லவில்லை. விடுதி உணவில் ஏதோ கலக்கிறார்கள் என்று உண்ண மறுத்தார். வீட்டுக்கு வந்த பின்னர் வானொலிப் பெட்டியின்மேல் போர்வையைப் போட்டு மூடினார். குளிப்பது நின்றது, நண்பரைக் காண்பதும் நின்றது. சாச்சி கண்ணேறு என்றார். மாமி செய்வினை என்றார். ஓதிய தண்ணீர், தாயத்து, நேர்ச்சை என ஈராண்டு கழிந்தது. இறுதியில், கடலோர ஊரொன்றிலிருந்த தனியார் காப்பகத்தில் அவரைக் கொண்டுபோய் விட்டனர். விட்டவர்கள் கொடியவர்கள் அல்லர், களைத்தவர்கள். இரவெல்லாம் விழித்திருக்கும் மகனோடு ஈராண்டு விழித்திருந்த தாயைக் குறை சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

2001-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6-ஆம் நாள் விடியற்காலையில், இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், தர்காவை நாடி வந்த மனநோயாளரைத் தங்கவைத்திருந்த காப்பகமொன்றின் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்தோர் ஓட இயலாது எரிந்தனர். அத்தீயிற் போன உயிர்கள் 28. சில நாட்களுக்குள் அவ்வூரிலிருந்த அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டு, 500-க்கும் மேற்பட்டோர் அரசின் பொறுப்பில் எடுக்கப்பட்டனர். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கைக் கையிலெடுத்தது. நம் சாச்சாவின் மகன் இருந்தது வேறோர் ஊரில். ஆயினும் செய்தித்தாளைக் கண்ட அன்றிரவு சாச்சா உண்ணவில்லை. மறுநாளே நாமும் அவரும் புறப்பட்டோம். காப்பகத்தார் மறுப்பின்றிப் பூட்டைத் திறந்துவிட்டனர். வலக் கணுக்காலில் தோல் கறுத்துத் தடித்திருந்தது. தம்பி நம்மிடம் கேட்டது ஒன்றே ஒன்று: “இது என்ன மாசம், காக்கா?”

மருத்துவர் அவருக்கு எழுதிக்கொடுத்தது ஹாலோபெரிடால். அம்மருந்து 1958-இல் பெல்ஜியத்தில் பால் ஜான்சனின் ஆய்வுக்கூடத்திற் பிறந்தது. அதற்கும் முன்னோடி ஒன்றுண்டு. பிரெஞ்சுக் கடற்படை அறுவை மருத்துவர் லபோரித், அறுவைக்கு முன் நோயாளரை அமைதிப்படுத்தப் பயன்படுத்திய குளோர்புரோமசின் என்னும் மருந்தை, 1952-இல் பாரிசு நகரத்துச் செயிண்ட் ஆன் மருத்துவமனையில் டிலே, டெனிக்கர் என்னும் இருவர் மனநோயாளருக்குக் கொடுத்துப் பார்த்தனர். ஆண்டுக்கணக்கில் அடைபட்டிருந்தோர் வீடு திரும்பும் வழி அதனாற் பிறந்தது. இங்கே இடைப்பிறவரலாக ஒன்று: 1931-ஆம் ஆண்டிலேயே கல்கத்தாவில் கணநாத சென், கார்த்திக் சந்திர போஸ் என்னும் இருவர், சர்ப்பகந்தி வேர் குருதியழுத்தத்தையும் வெறிகொண்ட மனநோயையும் தணிக்கும் என எழுதினர். அவ்வேரிலிருந்து பின்னர் எடுக்கப்பட்ட ரெசர்ப்பின் சில காலம் உலகெங்கும் மனநோய்க்கு வழங்கிற்று. நம் நாட்டு வேரின் இக்கதையை நம்மவரே மறந்துவிட்டனர்.

இம்மருந்துகள் செய்வது யாது? மூளையில் டோபமின் என்னும் வேதிப்பொருள் ஒன்றுண்டு. ‘இது முக்கியம், கவனி’ என்று உணர்த்துவது அதன் வேலைகளுள் ஒன்று. இந்நோயில் அவ்வேலை அளவிறந்து நிகழ்கின்றது என்பது அறிஞர் பலரின் கருத்து. அவ்வாறாயின், தெருவிற் போகும் மிதிவண்டியின் மணியும் தமக்கென அனுப்பிய செய்தியாகத் தோன்றும். எதிர்வீட்டார் இருமினாலும் அதிற் பொருளிருக்கும். மருந்து அந்த டோபமினின் செயலைத் தடுக்கின்றது. மூன்றாம் வாரத்தில் தம்பி சொன்னார்: “சத்தம் இருக்கு காக்கா. ஆனா இப்ப அடுத்த வீட்டுல பேசுற மாதிரி இருக்கு.” மருந்தின் பயனை இதனினும் தெளிவாக விளக்கிய நூலை நாம் இன்னும் படிக்கவில்லை.

ஆயின் அதே டோபமின் உடலின் அசைவையும் ஆள்கின்றது. அங்கும் தடை விழவே, கை நடுங்கிற்று, நடை விறைத்தது, வாயோரம் உமிழ்நீர் ஒழுகிற்று, முகம் சிரிப்பை மறந்தது. ஜும்ஆ உரை முடியும்வரை ஓரிடத்தில் உட்கார அவரால் இயலவில்லை. காலை மாற்றி மாற்றி வைத்தபின் எழுந்து வெளியே போய்விடுவார். பள்ளிவாசலில் இருந்தோர் அதனை நோய் என்றே கருதினர். உண்மையில் அது மருந்தின் விளைவு. அளவைக் குறைத்தோ, துணை மாத்திரை சேர்த்தோ, வேறு மருந்துக்கு மாற்றியோ அதனைத் தணிக்கலாம். ஆனால் கூட்டம் நிறைந்த புறநோயாளர் பகுதியில் நமக்குக் கிடைத்த மூன்று நிமிடத்தில், “குரல் கேட்கிறதா?” என்னும் வினாவுக்கு மட்டுமே இடமிருந்தது. உட்கார முடிகிறதா என்று அங்கே எவரும் கேட்கவில்லை.

2003-ஆம் ஆண்டு ரமலானில் மருந்து நின்றது. அவர் நோன்பு நோற்க விரும்பினார். காலை மாத்திரை விடுபட்டது. நாளடைவில் இரவு மாத்திரையும் விடுபட்டது. “புள்ளை நல்லாத்தானே இருக்கான், இனி எதுக்கு மாத்திரை?” என்று சாச்சி கேட்டதில் அன்பைத் தவிர வேறொன்றும் இல்லை. நோயாளிக்கு நோன்பில் விலக்குண்டு என்பதை ஆலிம் அறிவார். பல மாத்திரைகளை இரவு ஒருவேளைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்பதை மருத்துவர் அறிவார். அவ்விருவரும் ஒருவரையொருவர் சந்திப்பதில்லை. இடையில் நிற்பவர் தாயார். பெருநாள் கழிந்த இரண்டாம் மாதத்தில் வானொலிப் பெட்டியின்மேல் மீண்டும் போர்வை விழுந்தது.

நலமாக இருக்கும்போது மருந்தை விடுதல் பற்றி நிறுத்துப் பார்த்த கணக்கு ஒன்றுண்டு. 2012-இல் 65 ஆய்வுகளைத் தொகுத்து வெளியிட்ட கட்டுரையின்படி, மருந்தைத் தொடர்ந்தோரில் ஓராண்டளவில் நோய் திரும்பியோர் நூற்றுக்கு 27. மருந்தின்றி வெறுமாத்திரை கொடுக்கப்பட்டோரில் நூற்றுக்கு 64. இக்கணக்கை இருபுறமும் படிக்க வேண்டும் என்பது நம் கருத்து. மருந்து பெருங்காவல், ஐயமில்லை. ஆயினும் மருந்துண்டும் 27 பேர் மீண்டும் நோயுற்றனர். ஆகவே, நோய் திரும்பியவரைக் கண்டவுடன் “மாத்திரையை விட்டுவிட்டாயா?” என்று அதட்டுதல் எப்போதும் நியாயமாகாது.

சில வீடுகளில் மாத்திரையைப் பொடித்துத் தேநீரிற் கலந்து கொடுக்கின்றனர். உணவில் எதையோ கலக்கிறார்கள் என்று அஞ்சும் ஒருவருக்கு, அவ்வச்சம் மெய்யே என்று காட்டும் செயல் அது. தெரியவரும் நாளில் மருந்தோடு சோறும் நின்றுபோகும்.

நம் தம்பியின் வீட்டில் நிலை மாறியது ஒரு பெண்மணியால். சமூக மனநலப் பணியாளரான அவர் மருத்துவர் அல்லர், செவிலியரும் அல்லர். பன்னிரண்டாம் வகுப்புப் படித்துப் பயிற்சி பெற்றவர். மாதம் இருமுறை வீட்டுக்கு வந்து திண்ணையில் அமர்வார். குரலைப் பற்றி அவர் கேட்பதே அரிது. தூங்கினாரா, கடைத்தெரு போனாரா, சாச்சிக்கும் அவருக்கும் சண்டை உண்டா என்பனவே அவர் வினாக்கள். உட்கார முடியாத துன்பத்தை முதலில் எழுதிக்கொண்டு மருத்துவரிடம் சேர்த்தவர் அவரே. அதன்பின் மருந்தின் அளவு குறைந்தது. நாள்தோறும் மாத்திரை என்னும் போராட்டத்திற்கு மாற்றாக ஊசியும் உண்டு என்பதை அவர் வாயிலாகவே அறிந்தோம். எண்ணெயிற் கரைத்த புளுஃபெனசின் மருந்தைத் தசையிற் செலுத்தினால், அது சிறிது சிறிதாகக் கசிந்து இரண்டு முதல் நான்கு வாரம்வரை வேலை செய்யும். ‘போட்டுக்கொள்கிறீர்களா?’ என்று தம்பியிடமே அவர் கேட்டார். நோயுற்ற நாள்தொட்டு அவரிடம் கேட்டுச் செய்யப்பட்ட முதற்செயல் அதுவாகும்.

இத்தகைய பணியாளரின் பயனை ஆராய்ந்தும் பார்த்திருக்கின்றனர். கோவா, மராட்டிய மாநிலம், தமிழ்நாட்டில் திருப்போரூர்ப் பகுதி ஆகிய இடங்களில் 282 நோயாளரைக் கொண்டு நிகழ்ந்த ஆய்வு 2014-இல் வெளிவந்தது. மருத்துவமனைச் சிகிச்சையோடு வீடுதேடி வரும் பணியாளரின் துணையும் பெற்றோருக்கு நோய்க்குறிகளும் இயலாமையும் ஓரளவு கூடுதலாகக் குறைந்தன. ‘ஓரளவு’ என்னும் சொல்லை நாம் வேண்டுமென்றே இடுகின்றோம். வியத்தகு மாற்றம் என்று அவ்வாய்வாளரும் கூறவில்லை. அவ்வாய்விற் பங்குகொண்ட சென்னை ஸ்கார்ப் நிறுவனம், மருத்துவர் சாரதா மேனன் 1984-இல் தொடங்கியது. புதுக்கோட்டை மாவட்டத்துச் சிற்றூர்களுக்குப் பேருந்தொன்றை அனுப்பி, அதனுள் அமர்ந்தே நோயாளர் சென்னை மருத்துவரோடு திரைவழி பேசி மருந்தும் பெற்றுச் செல்ல 2010 முதல் வழிசெய்ததும் அந்நிறுவனமே. அரசுத் தரப்பில் மாவட்ட மனநலத் திட்டம் 1996-இல் நாட்டில் நான்கு மாவட்டங்களிற் தொடங்கிற்று. நம் திருச்சிராப்பள்ளி அவற்றுள் ஒன்று. இத்தனைக்குப் பின்னும், 2015–16-இல் எடுக்கப்பட்ட தேசிய மனநலக் கணக்கெடுப்பு, இவ்வகை நோயுடையோரில் ஏறத்தாழ நால்வருள் மூவர் சிகிச்சையின்றி இருப்பதாகக் கூறிற்று.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், எவ்வடிவிலேனும் சங்கிலியிடுதலைத் தன் 95-ஆம் பிரிவில் தடைசெய்துள்ளது. ஏர்வாடியிலேயே ‘தவா–துஆ’ என்னும் பெயரில், தர்கா வளாகத்தில் அரசு மருத்துவர் நோயாளரைக் காணும் ஏற்பாடு பின்னர் வந்தது. குசராத்தில் மீரா தாத்தார் தர்காவில் முன்னரே நடைமுறைக்கு வந்த முறை அது. வேண்டுதலுக்கு வருவோரை விரட்டாமல், அவர் வந்த இடத்திலேயே மருந்தையும் வைத்தல். ஆலிமும் மருத்துவரும் சந்திப்பதில்லை என்று மேலே எழுதினோமே, அச்சந்திப்பு அங்கே நிகழ்கின்றது. சட்டத்தைக் காட்டிலும் இவ்வேற்பாட்டையே நாம் பெரிதென மதிக்கின்றோம். சங்கிலியை அறுத்தபின் நோயாளி எங்கே போவார் என்னும் வினாவுக்கு அது விடை கூற முயல்கின்றது.

தம்பிக்கு இப்போது வயது ஐம்பதை நெருங்குகின்றது. உறவினரின் கயிற்றுக்கடையிற் கணக்கெழுதுகின்றார்; விட்டுப்போன வணிகவியல் அங்கே உதவுகின்றது. இடையில் ஒலான்சபின் மாத்திரைக்கு மாற்றியபோது நடுக்கம் நின்றது. உடல் பருத்துச் சர்க்கரை ஏறிற்று. மீண்டும் ஊசிக்கே வந்துவிட்டார். சாச்சாவும் சாச்சியும் காலமாகிவிட்டனர். அவர்களுக்குப் பின் யார் என்னும் கவலைதான் இருபதாண்டுகளாக அவ்வீட்டை அரித்தது. தமக்கை மகள், கல்லூரி முதலாமாண்டு மாணவி, இப்போது மருந்துக் குறிப்பேட்டை வைத்துக்கொண்டிருக்கின்றாள். தேதி, மருந்து, அளவு என்று சாச்சி காலத்தில் மூன்று கட்டங்களே இருந்தன. அவள் நான்காவது ஒன்று போட்டு, ‘மாமா சொன்னது’ என்று தலைப்பிட்டிருக்கின்றாள். சென்ற மாதத்து வரியை நாம் பார்த்தோம்: “நடுக்கம் குறைவு. பகலில் தூக்கம். அளவைக் குறைக்கலாமா என்று மாமாவே டாக்டரிடம் கேட்பார்.”