மிலிட்டரி வீட்டு அண்ணி

பிப்ரவரி 18

மரக்காணம் உப்பளங்களில் இந்தப் பருவத்தின் முதல் உப்பு வாரத் தொடங்கிவிட்டார்கள். வேலை முடித்த கையோடு அண்ணி என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "அவருக்குக் கால் நுனியில மறுபடியும் தோல் உரிஞ்சிருக்கு சிஸ்டர். சாயங்காலம் ஒரு எட்டு வந்து பாருங்க." அரசு மருத்துவமனையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் இந்தத் தெருவுக்கு நான் சிஸ்டர்தான்.

அண்ணனை ஊரில் 'மிலிட்டரி' என்பார்கள். 1987இல் இந்திய அமைதிப்படையோடு யாழ்ப்பாணம் போனவர். கண்ணிவெடியில் வலது முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. சென்னை ராணுவ மருத்துவமனையில் உயிரைக் காப்பாற்றினார்கள். புனே செயற்கை உறுப்பு மையத்தில் கால் கொடுத்தார்கள். இரண்டாம் உலகப் போரில் ஊனமுற்ற வீரர்களுக்காக 1944இல் தொடங்கிய மையம் அது. பராமரிப்பில் ராணுவத்தின் பங்கு அந்த அளவில் முடிந்தது. அதற்குப் பின் எல்லாம் அண்ணி.

மார்ச் 9

செயற்கைக் காலைப் பராமரிப்பது ஒரு தனி வேலை. வெட்டுப்பட்ட நுனியை இரவில்தான் கழுவ வேண்டும். காலையில் கழுவினால் ஈரத்தில் தோல் ஊறி, செயற்கைக் காலின் கிண்ணத்துக்குள் உராய்ந்து புண்ணாகும். பருத்தி உறையைத் தினமும் துவைத்து மாற்ற வேண்டும். நுனியின் அடிப்பக்கம் அவர் கண்ணுக்குத் தெரியாது. கைக்கண்ணாடி பிடித்துப் பார்க்க வேண்டும். உடம்பு இளைத்தால் கால் லொடலொடக்கும், பெருத்தால் இறுக்கும். மரக்காணத்து மே மாத வியர்வையில் இவை அத்தனையும் இரண்டு மடங்கு. இப்போது சர்க்கரை நோயும் சேர்ந்துகொண்டது.

இதையெல்லாம் அண்ணிக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை. கல்யாணமான புதிதில், புண் சீழ் வைத்த பிறகுதான் ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டாராம்.

இன்று புண்ணை உப்பு நீரில்தான் கழுவினேன். லிட்டருக்கு 9 கிராம் உப்பு, அதற்கு மேல் கூடாது. முதல் உலகப் போரில் ஆல்ம்ரோத் ரைட் என்ற ஆங்கிலேய மருத்துவர், இதைவிடச் செறிவான உப்பு நீரால் வீரர்களின் காயங்களைக் கழுவச் சொன்னார். அளவோடு இருந்தால் உப்பு மருந்து. பாத்தியில் நாள் முழுக்க நிற்கும் அண்ணியின் பாதங்களில் அதே உப்பு வெடிப்பு வெடிப்பாகப் பிளந்திருக்கிறது. காட்டச் சொன்னால் சேலையை இழுத்து மூடிக்கொள்கிறார்.

ஏப்ரல் 14

புத்தாண்டு அன்றும் அண்ணனுக்குத் தூக்கமில்லை. இல்லாத காலின் கட்டைவிரல் முறுக்கிப் பிடிக்கிறதாம். தெருவில் சிலர் இதைப் பேய்ப் பிடிப்பு என்கிறார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில் கை கால் இழந்தவர்களிடம் இதைக் கவனித்து எழுதியவர் வெயர் மிட்செல் என்ற மருத்துவர். அந்த வலிக்கு 1990களில் எளிய வழி ஒன்றைக் கண்டவர் நம் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன். இரண்டு கால்களுக்கும் நடுவே ஒரு கண்ணாடியை நிறுத்தி, நல்ல காலை அசைத்தபடி கண்ணாடியைப் பார்க்க வேண்டும். போன கால் அங்கே அசைவதாக மூளை நம்பி, முறுக்கு தளரும். ஈராக் போரில் காயம்பட்ட அமெரிக்க வீரர்களுக்கும் இதைச் செய்து பார்த்தார்கள்.

பீரோக் கண்ணாடியைக் கழற்றி அண்ணி பிடித்துக்கொண்டார். எல்லோருக்கும் இது பலிக்காது. அண்ணனுக்கு அன்று இரவு கொஞ்சம் பலித்தது.

ஜூன் 2

கழுவெளி ஏரிப் பக்கம் போனபோது ஒரு மீன்கொத்தி நீரில் பாய்ந்து மீனோடு எழுந்தது. பதிற்றுப்பத்தில் பரணர் இதைத்தான் சொல்கிறார்: வீரனின் மார்புக் காயத்தில் தையல் ஊசி உள்ளே போய் வெளியே வருவது, மீன்கொத்தி குளத்தில் மூழ்கி எழுவதைப் போல என்று. தையல் போடுவதைப் பக்கத்திலிருந்து பார்த்தவருக்கே வரக்கூடிய உவமை அது.

அதைவிட எனக்கு நெருக்கமானது புறநானூற்றின் 281ஆம் பாட்டு, அரிசில் கிழார் பாடியது. காயம்பட்டவன் கிடக்கும் வீட்டில் வேப்பிலை செருகி, வெண்கடுகு தூவி, மணி அடித்து, காஞ்சிப் பண் பாடி, புகையெழுப்பிக் காக்கலாம் வா என்று ஒருத்தி தோழியை அழைக்கிறாள். கணவனின் புண்ணை மனைவி காக்கும் நிலைக்குத் தொல்காப்பியம் தனித் துறையே வகுத்திருக்கிறது. இறந்தவனுக்கு நடுகல் நட்ட சமூகம், பிழைத்தவனைக் காத்த பெண்ணையும் பாட்டில் வைத்தது.

ஜூலை 20

கீழ்ப்புத்துப்பட்டு இலங்கைத் தமிழர் முகாமுக்குப் போயிருந்தேன். அங்கே ஒருவருக்குத் தொடையில் பழைய காயம். மழைக்காலம் வந்தால் வீங்கும். "சன்னம் இன்னும் உள்ளுக்கதான் கிடக்குது அக்கா" என்றார் அவருடைய தங்கை. சன்னம் என்றால் தோட்டா. போர் நாட்களில் காயம்பட்டவர் எந்தப் பக்கம் நின்றார் என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. கட்டுக் கட்டுவது, குளிக்க வைப்பது, நடுராத்திரி அலறி எழுந்தால் தண்ணீர் கொடுப்பது எல்லாம் அந்தத் தங்கைதான். தங்கைக்குக் கல்யாணம் ஆகவில்லை. காரணத்தை நானும் கேட்கவில்லை.

திரும்பும் வழியில் அண்ணன் வீட்டில் இதைச் சொன்னேன். அண்ணன் ஒன்றும் பேசவில்லை. அண்ணிதான் கேட்டார்: "அந்தப் பொண்ணுக்கு ஒத்தாசைக்கு யாரு இருக்கா?"

அக்டோபர் 21

1987இல் இதே தேதி தீபாவளி நாள். அன்றும் மறுநாளும் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் அமைதிப்படை நுழைந்து சுட்டதில் மருத்துவர்கள், நர்சுகள், நோயாளிகள் என 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காயம்பட்டவர் எந்தப் படையைச் சேர்ந்தவரானாலும் காக்கப்பட வேண்டும் என்று 1864லேயே ஜெனீவாவில் நாடுகள் கையெழுத்திட்டிருந்தன. நர்சாக இருந்தவள் என்பதால் இந்த நாளை என்னால் சும்மா கடக்க முடிவதில்லை. அண்ணனிடம் இதைப் பற்றி ஒரே ஒருமுறை பேசியிருக்கிறேன். "தெரியும் சிஸ்டர்" என்றார், அவ்வளவுதான்.

நவம்பர் 12

மழை. உப்பளம் மூடிக் கிடக்கிறது. அண்ணிக்குக் கூலி இல்லை. இந்த மழையில் நெடுநல்வாடை நினைவுக்கு வருகிறது. அதில் வரும் பாண்டியன், வாடைக் காற்றடிக்கும் நள்ளிரவில் தூங்காமல், பாசறையில் புண்பட்ட வீரர்களை ஒவ்வொருவராகப் பார்த்துப் போகிறான். நக்கீரர் அந்தப் பாட்டை அங்கேதான் முடிக்கிறார். ஆனால் அரசன் வந்து போவது ஒரு ராத்திரி. நம் காலத்திலோ, 1990 மார்ச்சில் அமைதிப்படையின் கடைசி அணி சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபோது முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அதற்கு அரசியல் காரணம் இருந்தது. அந்தப் போரில் ஏறத்தாழ 1,200 இந்திய வீரர்கள் இறந்தார்கள், ஏறத்தாழ 3,000 பேர் காயமடைந்தார்கள். இறந்தவர்களுக்கு இலங்கையின் பத்தரமுல்லையில் நினைவுச் சின்னம் இருக்கிறது. காயம்பட்டவர்கள் அவரவர் வீட்டுத் திண்ணைகளில் இருக்கிறார்கள்.

டிசம்பர் 7

கொடி நாள். 1949 முதல் இந்த நாளில் முன்னாள் படைவீரர்களுக்காக நிதி திரட்டுகிறார்கள். சட்டையில் கொடி குத்திக்கொண்டு உண்டியலில் போடுகிறோம், அத்தோடு மறந்துவிடுகிறோம்.

அண்ணனுக்கு ஊன ஓய்வூதியம் வருகிறது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் உதவியாளர் படி என்ற தனித் தொகை, முழு ஊனம் என்று சான்று பெற்று, எப்போதும் ஆள் துணை வேண்டும் என மருத்துவக் குழு சொன்னவர்களுக்கு மட்டும். ஒரு கால் போனவரின் மனைவி அந்தக் கணக்கில் வருவதில்லை. முகாமில் இருக்கும் தங்கை எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

போரில் காயம்பட்டவரை மருத்துவமனை சில மாதம் பார்க்கிறது. வீட்டுப் பெண் ஆயுள் முழுக்கப் பார்க்கிறாள். அவளுக்கு முறையான பயிற்சி வேண்டும், ஒரு படி வேண்டும், ஆண்டில் சில நாளாவது மாற்று ஆள் வேண்டும். இதை அரசு செய்ய வேண்டும். அதுவரை, உங்கள் தெருவிலும் ஒரு மிலிட்டரி வீடு இருந்தால், அவரிடம் போர்க்கதை கேட்பதற்கு முன்னால், அந்த வீட்டம்மாவிடம் போய், "இன்னிக்கு நான் பார்த்துக்கறேன், நீங்க கொஞ்சம் படுங்க" என்று சொல்லுங்கள்.