ஊதா நிற ஃபியூஸ்

வீட்டில் ஒரு பொருள் பழுதுபட்டால், எது கெட்டது என்று பார்ப்பதற்கு முன்பே யார் கை வைத்தார்கள் என்ற பேச்சு எழுந்துவிடுகிறது. கடந்த ஜனவரியில், டொரன்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் உள்ள எங்கள் வீட்டில் இந்தப் பேச்சு ஒரு மனிதரின் இருப்பிடத்தையே அசைத்துப் பார்த்தது. வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் 12 நாள்களில் ஐந்து முறை மின்சாரம் இழந்து நின்றது. வெளியே சுழியத்துக்குக் கீழே 18 பாகை குளிர். மேல்தளத்தில் நாங்களும் 71 வயதான உம்மாவும். கீழ்த்தளத்து அறையில், அக்டோபரில் வாடகைக்கு வந்த ஒரு மாணவர்.

இந்நாட்டு வீடுகளை அறியாதவர்களுக்காகச் சிறிது விளக்க வேண்டும். ஃபர்னஸ் எரிவாயுவில் எரிவது என்றாலும் மின்சாரம் இல்லாமல் அதற்கு உயிரில்லை. தீ மூட்டுவது, காற்றைக் குழாய்களில் தள்ளுவது, எப்போது எரிவது, எப்போது நிற்பது என்று முடிவெடுப்பது எல்லாம் மின்சாரத்தின் வேலை. வீட்டுக்குள் வரும் 120 வோல்ட் மின்சாரம் காற்றாடியை ஓட்டுகிறது. அதையே ஒரு சிறிய டிரான்ஸ்ஃபார்மர் 24 வோல்ட்டாகக் குறைத்து, கட்டுப்பாட்டுப் பலகைக்கும் சுவரில் இருக்கும் தெர்மோஸ்டாட்டுக்கும் கொடுக்கிறது. அந்தப் பலகையில் கார்களில் இருப்பதைப் போன்ற ஓர் ஊதா நிற ஃபியூஸ் செருகப்பட்டிருக்கும், 3 ஆம்பியர். நகத்தளவுதான் இருக்கும். அது எரிந்துவிட்டால் தெர்மோஸ்டாட்டின் முகம் வெறுமையாகிவிடும். வீடு மெல்லக் குளிரத் தொடங்கும்.

முதல் இரவில் வீடு குளிர்ந்ததும் உம்மா கேட்டது, "தயம்மும் செய்து தொழலாமா?" என்பதுதான். கடுங்குளிரில் குளித்தால் உயிருக்கே ஆபத்து என்று அஞ்சி அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் தயம்மும் செய்து தொழுவித்த நிகழ்ச்சியும், அதைக் கேட்ட நபி (ஸல்) அவர்கள் மறுக்காமல் புன்னகைத்ததும் உம்மாவுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் வெந்நீர் கிடைக்கும்போது அந்தச் சலுகைக்கு இடமில்லை. குழாயைத் திறந்து பார்த்தோம், வெந்நீர் வந்தது. எங்கள் வெந்நீர்த் தொட்டி பழைய வகை. எப்போதும் எரியும் சிறு சுடரால் இயங்குவது, மின்சாரம் தேவைப்படாதது. உம்மாவின் கேள்வி உளூவைப் பற்றியது என்றாலும், எரிவாயு தடையின்றி வருகிறது, கோளாறு மின்சாரத்தில்தான் என்பதை எங்களுக்கு முதலில் காட்டியது அதுவே.

பிறகு எளியதிலிருந்து தொடங்கினோம். மின்பெட்டியில் ஃபர்னஸுக்குரிய 15 ஆம்பியர் பிரேக்கர் விழவில்லை. ஃபர்னஸின் அருகிலுள்ள சுவிட்ச் அணையவில்லை. அதன் கீழ்க்கதவு சரியாகப் பொருந்தாவிட்டாலும் உள்ளிருக்கும் பாதுகாப்பு சுவிட்ச் மின்சாரத்தைத் துண்டித்துவிடும்; கதவும் ஒழுங்காகவே இருந்தது. மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் திறந்து பார்த்தபோது ஃபியூஸ் கருகியிருந்தது. புதியதை வைத்ததும் வீடு சூடானது. அல்ஹம்துலில்லாஹ் என்று படுத்தோம். மூன்றாம் நாள் ஃபஜ்ருக்குச் சற்று முன் மீண்டும் நின்றது.

இரண்டாம் தடவைக்குப் பின் வீட்டுக்கு வந்த மாமா ஒருவர் வழக்கை ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். "அந்தப் பையன் வந்த பிறகுதானே இதெல்லாம்? அவன் அறையில் ஒரு ஹீட்டர் ஓடுகிறது, பார்த்தீர்களா? அதுதான் கரண்டை எல்லாம் இழுக்கிறது. வேறு இடம் பார்க்கச் சொல்லிவிடுங்கள்." மாமா தீயவர் அல்லர். உம்மா நடுங்குவதைப் பார்த்துப் பொறுக்காமல் சொன்னார். சொன்னதில் பொய்யும் இல்லை; மாணவரின் அறையில் 1,500 வாட் ஹீட்டர் ஒன்று உண்மையிலேயே இருந்தது. ஆயினும் ஜனவரிக் குளிரில் ஒருவரை வெளியேறச் சொல்வது சாதாரணக் காரியமா? வாடகை வீட்டில் குளிர்மாதங்களில் 21 பாகை வெப்பம் காக்க வேண்டும் என்பது இந்நகரின் விதி. அந்த விதி இல்லாவிட்டாலும், நம் கூரையின் கீழ் இருப்பவர் நமக்கு அமானிதம்.

அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் ஆறாம் வசனம், கொண்டுவரப்படும் செய்தியைத் தெளிவுபடுத்திக்கொள்ளுமாறு நமக்குக் கட்டளையிடுகிறது. ஸகாத் வசூலிக்க அனுப்பப்பட்டவர் பாதியில் திரும்பி வந்து, பனூ முஸ்தலிக் கோத்திரத்தார் கொடுக்க மறுத்துவிட்டதாகச் சொன்ன சம்பவத்தை அதன் பின்னணியாக விரிவுரை நூல்கள் குறிப்பிடுகின்றன. விசாரித்துப் பார்த்தால், அவர்கள் கூட்டமாகத் திரண்டது அவரை வரவேற்கவே. கூட்டம் திரண்டது உண்மை; திரண்டதன் காரணம்தான் வேறு. கீழ்த்தளத்து ஹீட்டரும் அப்படி ஒரு கூட்டமாக இருக்கலாமே என்று எங்களுக்குத் தோன்றியது.

ஆகவே ஒரு தாளை ஃபர்னஸின் பக்கவாட்டில் ஒட்டினோம். நின்ற நேரம், வீட்டில் இருந்தவர்கள், அப்போது ஓடிக்கொண்டிருந்த கருவிகள் என்று மூன்று பத்திகள். ஐந்து நிறுத்தங்களில் இரண்டு நடந்தபோது மாணவர் கிடங்கு ஒன்றில் இரவு வேலையில் இருந்தார். அவருடைய அறைக்குத் தனி பிரேக்கர் உண்டு. ஹீட்டர் அதிகமாக இழுத்தால் அதுதான் விழ வேண்டும். டிரான்ஸ்ஃபார்மருக்கு அப்பால், 24 வோல்ட் பக்கத்தில் இருக்கும் ஃபியூஸை அவர் அறையிலுள்ள எந்தப் பொருளாலும் எரிக்க முடியாது. ஹீட்டரை எப்போது வாங்கினீர்கள், தம்பி என்று கேட்டோம். முதல் தடவை ஃபர்னஸ் நின்ற மறுநாள் என்றார். கீழ்த்தளம்தானே முதலில் குளிரும்? கோளாறால் வந்த பொருள், கோளாறைக் கொண்டுவந்த பொருளாகிப் போயிருந்தது.

மாமாவிடம் இதைச் சொன்னோம். சற்று நேரம் மௌனமாக இருந்துவிட்டு, "அப்படியென்றால் பெரிய ஃபியூஸாகப் போடுங்கள்" என்று தம் காரிலிருந்து சிவப்பு நிறத்தில் ஒன்றை எடுத்துவந்தார், 10 ஆம்பியர். இதை மட்டும் யாரும் செய்துவிடக் கூடாது. எங்கள் டிரான்ஸ்ஃபார்மரின் மொத்தத் திறனே 40 வோல்ட்-ஆம்பியர். 24 வோல்ட்டில் கணக்கிட்டால் ஒன்றே முக்கால் ஆம்பியர்கூட வராது. பத்து ஆம்பியரைத் தாங்கும் ஃபியூஸை வைத்தால் அது அசையாமல் இருக்கும். எரிவது டிரான்ஸ்ஃபார்மராக இருக்கும். வேறொருவர் எரிவாயு அடுப்பின் ஓவனைத் திறந்துவைத்துக் குளிர் காயலாம் என்றார். கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் இல்லாமல் ஒரு குடும்பத்தையே தூக்கத்தில் கொண்டுபோய்விடும். இப்படிப்பட்ட அன்பான ஆலோசனைகள் குளிர்காலத்தில் நிறையக் கிடைக்கும்.

மூன்றாம் தடவைக்குப் பின் ஒரு தொழில்நுட்பர் வந்தார். அவர் வந்த நேரம் எல்லாம் சீராக ஓடிக்கொண்டிருந்தது. பலகையை மாற்றிப் பார்க்கலாம், 900 டாலர் ஆகும் என்றார். அந்தப் "பார்க்கலாம்" எங்களைத் தயங்கவைத்தது.

விடை தாளின் மூன்றாம் பத்தியில் இருந்தது. ஐந்து முறையும் ஈரப்பதமூட்டி ஓடியிருக்கிறது. குளிர்காலத்தில் ஃபர்னஸ் காற்று உதட்டையும் தொண்டையையும் உலர்த்திவிடும். அதற்காகக் காற்றுக்குழாயில் பொருத்தப்பட்ட சிறு கருவி அது. அதன் நீர்வால்வு அதே 24 வோல்ட்டில்தான் திறக்கிறது. உம்மா தஹஜ்ஜுதுக்கு எழுந்து, ஓத உட்காருமுன் தொண்டை வறள்கிறதே என்று சுவரிலிருக்கும் அதன் குமிழைச் சற்றுத் திருப்பிவிடுவார்கள். இரவுப் பொழுதுகளில் நின்றதெல்லாம் அதன் பிறகுதான்.

எரிவாயுப் பகுதியில் உரிமம் பெற்றவர் மட்டுமே கைவைக்க வேண்டும். அதை நாங்கள் தொடவில்லை. மின்சாரத்தை முழுமையாக நிறுத்தி, 24 வோல்ட் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, மல்டிமீட்டரின் ஒரு முனையைக் கம்பியிலும் மறுமுனையை ஃபர்னஸின் உலோக உடலிலும் வைத்துப் பார்த்தோம். தெர்மோஸ்டாட்டின் கம்பிகளில் குறையில்லை. ஈரப்பதமூட்டியின் கம்பியும் முதலில் நல்லபிள்ளையாகவே இருந்தது. மாணவர் டார்ச் பிடித்தபடி அதை இலேசாக அசைத்தார். மீட்டர் சுழியத்துக்கு இறங்கியது. கம்பியைப் பின்தொடர்ந்தால், தகரக் குழாயின் துளைக்குள் அது நுழையும் இடத்தில் காப்புறை தேய்ந்து செம்பு மின்னியது. தகரத்தின் விளிம்பில் கடுகளவு கரி. காற்றாடி ஓடும்போதெல்லாம் அதிர்ந்து அதிர்ந்து, கூரான தகரம் பல ஆண்டுகளாகக் கம்பியை அறுத்திருக்கிறது. அந்தத் துளையில் இருக்க வேண்டிய சின்ன ரப்பர் வளையம் இல்லை. நாங்கள் இந்த வீட்டை வாங்குவதற்கு முன்பு யாரோ பொருத்தியது. அவர் போடாமல் விட்டாரோ, போட்டது காய்ந்து உதிர்ந்ததோ, அல்லாஹ்வே அறிவான். நல்லெண்ணம் அவருக்கும் உரியதுதானே.

தேய்ந்த பகுதியை நீக்கிப் புதிய கம்பி இழுத்து, துளைக்கு ரப்பர் வளையமிட்டோம். மொத்தச் செலவு 20 டாலருக்கும் குறைவு. அன்றிரவு உம்மாவே குமிழைத் திருப்ப, நாங்கள் மூவரும் கீழே ஃபர்னஸின் முன் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம். வால்வு 'டிக்' என்று திறந்தது. தண்ணீர் ஓடும் ஓசை வந்தது. பலகையின் சிறு விளக்கு அணையவில்லை.

மாமா மறு வாரம் வந்தபோது நேரே கீழ்த்தளத்துக்குப் போய், மாணவரிடம் அந்தத் துளையைக் காட்டச் சொல்லி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இரவு உணவுக்கு அவரையும் மேலே அழைத்துவந்தார். ஹீட்டர் இப்போது பெட்டிக்குள் இருக்கிறது. மீதமிருந்த ஐந்து ஊதா ஃபியூஸ்களும், அந்தத் தாளோடு ஃபர்னஸின் பக்கவாட்டில் ஒரு சிறு உறையில் ஒட்டப்பட்டிருக்கின்றன.